கொம்பு ஆயுதமா?

டென்மார்க் நாட்டின் அரசமைப்புச் சட்டம் ஆவடிக்கு வந்தது, உத்தமன் ஒரு காலண்டர் கேட்டதால்.

அப்போது அது ஒரு பழக்கம். டெல்லியில் இருக்கும் ஏதாவது ஒரு தூதரகத்துக்கு, 'தங்கள் நாட்டின் மீது எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு' என்று பதினைந்து காசுக் கார்டில் எழுதிப் போட்டால், வழவழப்பான தாளில் காலண்டர் வரும். தொழிற்சாலைக் குடியிருப்பில் பாதி வீடுகளில் பனிமலை தொங்கியது அப்படித்தான். டென்மார்க்குக்கு எழுதச் சொன்னது அவன் மனைவி சுசீலா. அந்த ஊர்க் காலண்டரில் காற்றாலை இருக்கும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பதில் வருவதற்குள் அவள் போய்விட்டாள். மூளைக்காய்ச்சல், நாலு நாள். அது ஆடி. ஆவணியில் உறை வந்தது. உள்ளே காலண்டர் இல்லை, காற்றாலையும் இல்லை. டென்மார்க்கில் குடிமக்களுக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்று சொல்லும் அறுபது பக்க ஆங்கிலப் புத்தகம் இருந்தது.

அதே மாதம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் விதிமுறை நோட்டைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. சங்கத்தைப் பதிவு செய்யப் புதிய விதிகள் வேண்டும். தலைவர் மணவாளன், தொழிற்சாலையில் ஃபோர்மேன், உத்தமனிடம் வந்தார்.

"நீதான் பி.ஏ. எதையாவது எழுதிக் குடுப்பா. நீளமா இருக்கணும். அப்பதான் மதிப்பு."

உத்தமனுக்கு அந்த நாட்களில் கைக்கு வேலை வேண்டியிருந்தது, மூளைக்கு வேண்டாம். புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நாடு என்று வந்த இடத்தில் குடியிருப்பு, நாடாளுமன்றம் என்று வந்த இடத்தில் பொதுக்குழு, பிரதமர் என்று வந்த இடத்தில் தலைவர் என்று போட்டு வரிக்கு வரி எழுதினான். எதையும் விடவில்லை. அந்த நாட்டு ராணியைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டான். குடியிருப்பில் ராணி யாரும் இல்லை.

ஐப்பசியில் பொதுக்குழு கூடியது. மூன்றாவது விதியைப் படிக்கும்போது போண்டா வந்துவிட்டது. போண்டா ஆறுவதற்குள் நாற்பத்தெட்டு விதிகளும் ஏகமனதாக நிறைவேறின. ஐரோப்பாக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டு வாங்கியதெல்லாம் குடியிருப்புக்கு ஆளுக்கு இரண்டு போண்டாவில் கிடைத்தது.

மூன்று மாதம் யாருக்கும் அது ஞாபகமில்லை.

1988 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறு மணிக்கு வரவேண்டிய வேம்புலியம்மாள் ஏழு மணிக்கு வந்தாள். பக்கத்துச் சேக்காட்டுக்காரி. பயிர் வைத்த குடும்பம். இப்போது நிலம் மனையாகி, அவளுக்கு மிஞ்சியது ஓர் எருமை. உத்தமன் இருந்த டி பிளாக்கில் பதினாலு வீட்டுக்கு அவள்தான் பால். கையில் கேன் காலியாக இருந்தது.

"ராணிய புடிச்சி வெச்சிகினாங்க நைனா!"

"எந்த ராணி?"

"இன்னா நைனா இப்டி கேக்கற? ஆறு மாசமா எம் மூஞ்சிய பாத்துகினா பால் குட்ச்ச? என் எருமை!"

நடந்தது இதுதான். விடியலில் கயிற்றை அறுத்துக்கொண்டு குடியிருப்புக்குள் புகுந்த ராணி, தலைவர் மணவாளன் வீட்டு டேலியாப் பூக்களைத் தின்றுவிட்டது. ஏழு பூ. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். இருபத்தாறாம் தேதி குடியிருப்புத் தோட்டப் போட்டி. மணவாளன் இரண்டு வருடமாக இரண்டாம் பரிசு. அவர் ராணியைச் சங்கத்தின் சைக்கிள் ஷெட்டில் கட்டி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தெருமாடுகளை அடைக்கும் பவுண்டுக்குப் போன் போட்டார். திங்கட்கிழமை காலையில் வண்டி அனுப்புவதாகச் சொன்னார்களாம்.

"பவுண்டுக்குப் பூட்ச்சின்னா மீட்டுகினு வர எனக்கு ஆள் ஏது நைனா? இன்னிக்கு இன்னும் கறக்கக்கூட இல்ல. மடி கட்டிகினா பால் அத்தோட சரி. அப்பால நீங்கள்லாம் வேற ஆளப் பாத்துக்க வேண்டியதுதான்."

வேற ஆள் என்றதும் உத்தமனுக்குள் ஏதோ அசைந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவை. பார்த்தால் அது பயம்.

விஷயம் சின்னது. சுசீலா இருந்தபோது அரை லிட்டர் வாங்கினார்கள். அவள் போன பிறகும் அரை லிட்டர். குறைக்கச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, வேம்புலியம்மாளும் கேட்கவில்லை. காலையிலும் சாயங்காலமும் இரண்டு டம்ளர் காபி போடுவான். ஒன்றில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. இன்னொன்றில் அரை ஸ்பூன், சுசீலாவின் அளவு. முதல் டம்ளரைக் குடிப்பான். இரண்டாவது ஆறும். கொட்டிவிட்டுக் கழுவி வைப்பான். இது யாருக்கும் தெரியாது. புதுப் பால்காரர் வந்தால் வாசலில் நின்று முதலில் கேட்கும் கேள்வி, வீட்ல எத்தினி பேர் என்பதுதான்.

உத்தமன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மணவாளன் வாசலில் ஒரு மொட்டைத் தண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சாவு வீடு மாதிரி நாலு பேர் சுற்றிலும் நின்றார்கள்.

"சார், மாட்டைக் கறக்கவாவது விடுங்க" என்றான் உத்தமன்.

"முடியாது. அது வயித்துல இருக்கறது என் டேலியா. அதத் தின்னு சுரந்த பால் யாருது? சொல்லு. நீ பி.ஏ. தானே?"

"யோவ் தலைவரே, ராத்திரி அது தின்னது என் வைக்கோலு. அத்த யாரு கணக்குல எய்துவ?" என்றாள் வேம்புலியம்மாள்.

"நீ பேசாத. வேணும்னே அவுத்து வுட்டேன்னு எழுதிக் கைநாட்டு வை. மாட்டக் கூட்டிட்டுப் போ."

"செய்யாத்த செஞ்சேன்னு வெக்க மாட்டேன். தின்னது அது. வேணும்னா அதங்கிட்ட கைநாட்டு வாங்கிக்க."

கால்நாட்டு என்று யாரோ திருத்தினார்கள். மணவாளன் முறைத்தார்.

உத்தமனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய் முத்திரை குத்திய விதிப் புத்தகத்தை எடுத்து வந்தான்.

"விதி பதினாலு, சார். 'குடியிருப்பின் எல்லைக்குள் பிடித்து வைக்கப்படும் எவ்வுயிரையும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும்.' கீழே உங்க கையெழுத்து இருக்கு."

எவ்வுயிரையும் என்று ஏன் எழுதினான் என்று அவனுக்கே தெரியாது. எழுதிய அன்று தூங்கியிருக்க மாட்டான்.

மணவாளன் இரண்டு தடவை படித்தார். வேறு ஆளாக இருந்தால் கிழித்துப் போட்டிருப்பார். மணவாளன் இருபத்திரண்டு வருடமாக, போல்ட்டு அரை நூல் தடித்தாலும் திருப்பி அனுப்புகிறவர்.

"ரூல்னா ரூல்" என்றார். "நடுவர் யாரு?"

பக்கத்தைப் புரட்டினார்கள். பால்ராஜ். ஐப்பசிக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வராத ஆளைத்தான் எல்லாப் பதவிக்கும் போடுவது வழக்கம். இன்றும் தூங்கிக்கொண்டிருந்தார். விசாரணை மூன்று மணிக்கு என்று முடிவாயிற்று.

தண்ணீர்த் தொட்டியின் கீழே கூட்டம் கூடியது. அந்த ஞாயிறு மத்தியானம் டிவியில் யாருக்கும் புரியாத மொழியில் படம். அதனால் எல்லா பிளாக்கிலிருந்தும் வந்துவிட்டார்கள். குடியிருப்பு வீடுகளைக் கவனிக்கும் எஸ்டேட் ஆபீஸிலிருந்து குணசேகரனும் வந்திருந்தார். தோட்டப் போட்டிக்குப் பெயர் எழுத வந்தவர்; அளக்கிற டேப்பு பைக்குள் இருந்தது, கையில் வேர்க்கடலைப் பொட்டலம். ராணியைத் தொட்டிக் காலில் சங்கிலியால் கட்டி, ஷெட்டுப் பூட்டையே போட்டார்கள். தீர்ப்பு வரும்வரை கறக்கக் கூடாது என்று மணவாளன் சொல்லியிருந்ததால் மடி பானை மாதிரி இருந்தது. அது இடைவிடாமல் கத்தியது.

பால்ராஜ் கைலியோடும் தோளில் துண்டோடும் வந்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். திருநெல்வேலிக்காரர்.

"சொல்லுங்கவே. எவன் குற்றவாளி?"

காட்டினார்கள்.

"ஓ. சரி. உமக்கு என்ன குறை?"

மணவாளன் தண்டை நீட்டினார். "அத்துமீறி நுழைஞ்சிருக்கு. ஏழு பூ. சொத்துச் சேதம்."

"உத்தமன், நீரு?"

"விதி பத்தொன்பதுங்க. 'பொது இடத்தில், முன் அனுமதி இன்றி, ஆயுதம் இல்லாமல், அமைதியாகக் கூட எவருக்கும் உரிமை உண்டு.' ராணி வந்தது அந்த உரிமையில."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பி பிளாக் கஸ்தூரி அக்கா கை தூக்கினாள். பிளாக்கில் எந்தச் சண்டைக்கும் முதல் கை அவளுடையது.

"ஒண்டியா வந்தா எப்படித் தம்பி கூட்டம் ஆகும்?"

"ஒண்டியாவா?" என்றாள் வேம்புலியம்மாள். "கொக்கு ஒண்ணு முதுவுல குந்திகினு வந்துச்சே. ஊரே பாத்துச்சி."

பால்ராஜ் சாட்சி கேட்டார். மூன்று பேர் கொக்கைப் பார்த்திருந்தார்கள்.

"ரெண்டு பேரு. கூட்டந்தான்" என்றார் பால்ராஜ். "அமைதியாத்தான் வந்துச்சா?"

"தின்னும்போது ஏது சத்தம்?" என்றாள் வேம்புலியம்மாள்.

மணவாளன் புத்தகத்தை வாங்கிப் படித்தார். முகம் மலர்ந்தது.

"ஆயுதம் இல்லாமல்னு போட்டிருக்கு. தலையில இருக்கே ரெண்டு, அது என்ன? கொம்பு ஆயுதம் இல்லையா?"

கைதட்டல். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஆயுதம்தான் என்று ஒரு பக்கம். பிறவியில் வந்ததை ஆயுதம் என்று எப்படிச் சொல்வது, அப்படியானால் கஸ்தூரி அக்காவின் நகமும் ஆயுதமா என்று இன்னொரு பக்கம். கஸ்தூரி அக்கா அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் அமைதியாயிற்று.

பால்ராஜ் எழுந்து ராணியிடம் போனார். இடது கொம்பைப் பிடித்துப் பார்த்தார். வலது கொம்பைப் பார்த்தார். ராணி துண்டின் நுனியைத் தின்ன ஆரம்பித்தது.

"ரெண்டும் வளைஞ்சு பின்னால போவுது. இதால குத்தணும்னா அது தன்னைத்தான் குத்திக்கிடணும். இது வரைக்கும் எதுக்காவது கொம்பு பயன்பட்டிருக்காம்மா?"

"முதுவு சொறிஞ்சிக்கும் சாமி."

"ஆயுதம் இல்லை" என்றார் பால்ராஜ். துண்டைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

மணவாளனுக்கு முகம் கறுத்தது. தண்டை உத்தமன் பக்கம் நீட்டினார்.

"ஏம்ப்பா, உனக்கு என்ன இவ்ளோ அக்கறை? நீ ஒண்டிக்கட்டை. உனக்கு எதுக்கு தினம் அரை லிட்டர்? ஆங்? ஒரு ஆளுக்கு அரை லிட்டரா? அந்த மீதிப் பாலு எங்க போவுது? அதச் சொல்லு மொதல்ல!"

குணசேகரன் கடலையை மெல்வதை நிறுத்தினார். உத்தமனுக்கு, எல்லோரும் தன் அடுப்படியில் வந்து நின்று, மேடையில் இருக்கும் இரண்டாவது டம்ளரைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

வேம்புலியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஊத்தறது நானு. ஆறு மாசமா ஊத்திகினு கீறேன். எதுக்கு வாங்கறன்னு நானே ஒரு நாள் கேட்டது இல்ல. நீ யாருய்யா கேக்கறதுக்கு? அவுரு ஊட்டுக்குள்ள அவுரு குடிப்பாரு, கொட்டுவாரு, குளிப்பாரு. அதுக்கும் உங்கிட்ட கைநாட்டு வெக்கணுமா?"

"அதுக்கும் ஒரு விதி இருக்குமே தம்பி?" என்றாள் கஸ்தூரி அக்கா, அவசரமாக, தணிந்த குரலில்.

இருந்தது. விதி பதினைந்து. ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் மீறி நுழையக் கூடாது. உத்தமனே எழுதியது. எழுதும்போது அது எதற்கு என்று அவனுக்குத் தெரியவில்லை. இப்போது அதைப் படித்துக் காட்ட அவனுக்குக் குரல் வராது என்று தோன்றியது. பேச்சு தன் வீட்டை விட்டு வெளியே போனால் போதும். கையில் கிடைத்ததைச் சொன்னான்.

"சார், எஸ்டேட் ஆபீஸ் வரைபடத்துல உங்க வீட்டு எல்லை ஜன்னல்லேருந்து பத்தடி. டேலியா இருந்தது பதினாலாவது அடி. அது உங்க தோட்டம் இல்ல. பொது இடம்."

வெற்றி என்றுதான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். யாரும் கைதட்டவில்லை.

ஏனென்றால் குடியிருப்பில் பத்தடியோடு நின்ற வேலி ஒன்றுகூடக் கிடையாது. மழைக்கு மழை எல்லா வேலிகளும் ஓரடி நடந்திருந்தன. கஸ்தூரி அக்காவின் முருங்கை பதினெட்டாவது அடியில் காய்த்தது. பால்ராஜின் வாழை இருந்த இடம் வரைபடத்தில் ரோடு.

குணசேகரன் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டார். டேப்பை வெளியே எடுத்தார்.

"பத்தடியா? நாளைக்கு எப்படியும் போட்டிக்கு அளக்கணும். இப்பவே எல்லாத்தையும் அளந்துடலாமா?"

கஸ்தூரி அக்கா எழுந்துவிட்டாள்.

"வழக்கே வேணாம்! தலைவர் மேல எனக்கு நம்பிக்கை இல்ல! தம்பி, அதுக்கு விதி இருக்கா?"

"ஆறு" என்றான் உத்தமன். "பாதிக்கு மேல கை தூக்கினா தலைவர் விலகணும். பதினெட்டு வயசான எல்லாருக்கும் ஓட்டு உண்டு. ஆம்பள பொம்பள ரெண்டு பேருக்கும்."

"பதினெட்டா?" கஸ்தூரி அக்கா மகளை முன்னால் தள்ளினாள். "எம் பொண்ணுக்கு பத்தொன்பது. எம்.எல்.ஏ.வுக்குப் போட இன்னும் ரெண்டு வருஷம் ஆகணுங்கறாங்க. எருமைக்குப் போட இப்பவே உண்டா? தூக்குடி கைய!"

எழுபத்தொரு கை எழுந்தது. எதிராக ஒன்று, மணவாளனுடையது. அவர் மனைவி முதலில் தயங்கினாள். பிறகு தன் வீட்டு மல்லிகைப் பந்தல் இருபதாவது அடியில் இருப்பது நினைவுக்கு வந்து, அவளும் தூக்கினாள். மணவாளன் ஆட்சி மூன்று ஐம்பதுக்குக் கவிழ்ந்தது.

"சாவியக் குடுங்க" என்றார்கள். ராணியைக் கட்டிய சங்கிலியின் பூட்டுக்கும் அதே சாவிதான்.

மணவாளன் சாவியை எடுத்து நாற்காலியில் வைத்தார். இரண்டடி தள்ளி நின்றார்.

"சங்கத்துச் சாவியத் தலைவர்தான் தொடலாம். விதி முப்பத்தொண்ணு. இப்ப தலைவர் இல்ல. நான் தொட மாட்டேன். யாரும் தொடக் கூடாது."

படித்துப் பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது. ராணி கத்தியது.

"அப்ப இன்னொரு தலைவரப் போடுங்கவே" என்றார் பால்ராஜ்.

செப்டிக் டேங்க் நிரம்பும்போதெல்லாம் எஸ்டேட் ஆபீசுக்குப் போய் நிற்க வேண்டியவர் தலைவர். கஸ்தூரி அக்கா முருங்கை மரத்தைப் பார்த்தாள். ஒருவர் செருப்பைத் தேடினார். வராத ஆளைப் போடலாம் என்றால், அன்று எல்லோரும் வந்திருந்தார்கள்.

நாலு மணிக்கு மணவாளன் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரே நிபந்தனை, வழக்கை வாபஸ் வாங்க வேண்டும். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலிக்கு நடந்து வந்து சாவியை எடுத்தார். முன்பிருந்த தலைவர் அவசரப்பட்டுவிட்டதாகவும், பவுண்டுக்குத் தானே போன் செய்து வண்டி வேண்டாம் என்று சொல்வதாகவும் அறிவித்தார். வழக்கு இல்லாததால் எல்லைப் பிரச்சினையும் இல்லை என்றார் பால்ராஜ். குணசேகரன் டேப்பைச் சுருட்டினார்.

"எனக்கும் இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதான்" என்றார். நாலு முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு போனார்.

வேம்புலியம்மாள் அங்கேயே குந்திக் கறந்தாள். வீடுகளிலிருந்து பாத்திரங்கள் ஓடி வந்தன. உத்தமன் கடைசியில் நின்றான். அவன் முறை வந்தபோது அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அரை லிட்டர் அளந்தாள். மேலே கொஞ்சம் கொசுறு விட்டாள்.

"எட்த்துகினு போ நைனா. நாளைக்கு ஆறு மணிக்கு."

சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் காபி போட்டான். இரண்டு டம்ளர். இரண்டு ஸ்பூன் ஒன்றில், அரை ஸ்பூன் ஒன்றில். கதவு தட்டப்பட்டது. மணவாளன், கக்கத்தில் விதிப் புத்தகத்தோடு.

மன்னிப்பு கேட்பார் போல வாயைத் திறந்தார். பிறகு, "பத்தொன்பதுல ஒரு திருத்தம் வேணும்ப்பா" என்றார். "'ஆயுதம் என்பது கொம்பையும் குறிக்கும்.' அடுத்த பொதுக்குழுல வெக்கறேன். நல்ல தமிழ்ல எழுதிக் குடு."

உட்கார்ந்தார். மேடையில் இரண்டு டம்ளர் இருப்பதைப் பார்த்தார். உத்தமனைப் பார்த்தார். உத்தமன் பேனாவைத் தேடினான். மணவாளன் எழுந்து போய், இரண்டாவது டம்ளரை எடுத்து, ஒரு வாய் குடித்தார்.

"சர்க்கரை கம்மியா இருக்கே."

"ஆமா சார். அது அப்படித்தான்."

"ம்" என்றார் மணவாளன். கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"டேலியா வாசனை அடிக்குதுப்பா" என்றார், வருத்தத்தோடு.

டேலியாவுக்கு வாசனையே கிடையாது. உத்தமன் அதைச் சொல்லவில்லை. பேனாவைத் திறந்து, 'கொம்பு' என்று எழுதினான்.